சி.எஸ். ஜெயராமனை உங்க வீட்டுப் பெரியவருக்குத் தெரியும், கேட்டுப் பாருங்க

1/
சிவாஜி பாட்டுன்னாலே நம்ம வாயில வர்ற பேரு டி.எம்.எஸ். பெரும்பாலும் சரியா இருக்கும். ஆனா 1957ல வந்த 'புதையல்' படத்துல கடற்கரையில ஒரு டூயட் வருமே, 'விண்ணோடும் முகிலோடும்', அதைப் பாடினது டி.எம்.எஸ். இல்லை. பி. சுசீலாவோட பாடினவர் சி.எஸ். ஜெயராமன். அந்த 'சி' சிதம்பரம். நம்ம ஊர்க்காரர்.

இந்த திரெட் அவரைப் பற்றியது. நடுவுல கொஞ்சம் மருத்துவமும் வரும். பொறுமையா படிங்க.

2/
நான் சிதம்பரத்துலேர்ந்து தினமும் கடலூருக்கு பஸ்ல போய் வர்ற அரசு மருத்துவர். ஒரு மணி நேரப் பயணம், பஸ்ல எப்பவும் இளையராஜா. முப்பது வயசு தாண்டியும் ஜெயராமன்னு ஒருத்தரை எனக்குத் தெரியாது. வார்டுலதான் தெரிஞ்சுகிட்டேன்.

3/
83 வயசுப் பெரியவர். மூளையின் இடது பக்கம் ஸ்ட்ரோக். வலது கை, கால் செயல்படலை. பேச்சும் போச்சு. நாம சொல்றது புரியுது, தலையாட்டுறார். பதில் சொல்ல முயற்சி பண்ணா ஒரே ஒரு சத்தம்தான் திரும்பத் திரும்ப வருது. கண்ணுல தண்ணி.

கூட இருந்த மகள் சொன்னாங்க: "அப்பா பேசினா தெருமுனை வரைக்கும் கேக்கும் சார். இப்ப என் பேரைக்கூட சொல்ல முடியலை."

4/
"அப்பாவுக்கு என்னம்மா ரொம்பப் பிடிக்கும்?"னு கேட்டேன்.

"பழைய பாட்டு சார். சி.எஸ். ஜெயராமன்னு ஒருத்தர். மூக்கால பாடுவாரு. நாங்க சேனலை மாத்திடுவோம், அப்பா கோவிச்சுப்பாரு."

என் போன்ல தேடி, சத்தம் கம்மியா வச்சு, புதையல் பாட்டைப் போட்டேன். முதல்ல கண்ணை மூடிக்கிட்டார். கொஞ்ச நேரத்துல உதடு அசைஞ்சுது. சரணம் வந்தப்ப வார்த்தையே வந்துச்சு. குழறலாத்தான், ஆனா அந்தப் பாட்டோட வார்த்தைகள். அந்தம்மா கட்டில் கம்பியைப் பிடிச்சுகிட்டு அப்படியே நின்னாங்க.

5/
இதுல அதிசயம் எதுவும் இல்லை. பேச்சை உருவாக்குற பகுதி பெரும்பாலானவங்களுக்கு மூளையின் இடது பக்கம் இருக்கு. அங்க அடைப்பு வந்தா, புரிஞ்சாலும் பேச முடியாத நிலை வரலாம். அதுக்குப் பேரு அஃபேசியா. பாட்டு அப்படி ஒரே இடத்தை நம்பி இல்லை. மெட்டு, தாளம், பல வருஷப் பழக்கம்னு வலது பக்கமும் சேர்ந்து வேலை செய்யும். அதனால சிலருக்குப் பேச்சு போன பிறகும் மனப்பாடமான பாட்டு வார்த்தையோட வரும். இதை வச்சே ராகமா இழுத்துப் பேசப் பழக்குற சிகிச்சை முறை ஒண்ணு 1973லேர்ந்து இருக்கு.

6/
ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். பாட்டு ஸ்ட்ரோக்கைக் குணப்படுத்தாது. பாட்டு நின்னதும் அவரால மகள் பேரைச் சொல்ல முடியலை. வாய் கோணுறது, கை தளர்றது, பேச்சு குழறுறது, இதுல எது திடீர்னு வந்தாலும் உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

பாட்டு செஞ்சது வேற. அன்னைக்கு நாள் முழுக்க அந்தக் கட்டில்ல ஒரு நோயாளி இருந்தார். பாட்டு வந்தப்ப ஒரு ரசிகர் இருந்தார்.

7/
அன்னைக்கு ராத்திரி பஸ்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு தேட ஆரம்பிச்சேன்.

1917ல சிதம்பரத்துல பிறந்தவர், 1995ல காலமானார். கர்நாடக இசை தெரிஞ்சவர். 'இசைச்சித்தர்'னு பட்டம். கலைஞரோட முதல் மனைவி பத்மாவதியின் சகோதரர். நிறைய பேர் அவரைப் பத்திச் சொல்ற ஒரே தகவலே இந்த உறவுதான். அவர் பாட்டைப் பேச மாட்டாங்க.

8/
பாட்டைப் பேசுவோம். 1952 'பராசக்தி'. சிவாஜிக்கு முதல் படம். அதுல சிவாஜிக்குப் பாடினவர் இவர். 1954 'ரத்தக்கண்ணீர்' பாட்டுக்கெல்லாம் இசையமைச்சதும் இவர்தான். எம்.ஆர். ராதா இடையிடையே பேசப் பேச ஒரு புலம்பல் பாட்டு ஓடுமே, அந்தக் குரலும் இவரோடது. 1958 'சம்பூர்ண ராமாயணம்' பாருங்க. போர்ல தோத்துட்டுத் தனியா திரும்புற ராவணனோட அவமானத்தை அந்தக் குரல் தாங்கி நிக்கும். 1960ல 'பாவை விளக்கு', 'தெய்வப்பிறவி'.

இவ்வளவு செஞ்சவரைத்தான் நாம சேனல் மாத்திட்டுப் போறோம்.

9/
"மூக்கால பாடுவாரு" விஷயத்துக்கு வருவோம். மூக்கைப் பிடிச்சுகிட்டு 'அம்மா' சொல்லிப் பாருங்க. வராது. ங, ஞ, ண, ந, ம, ன ஆறுக்கும் காத்து மூக்கு வழியா போயே ஆகணும். நம்ம மெல்லினம் முழுக்க மூக்கொலிதான். தமிழே கொஞ்சம் மூக்கால பேசுற மொழி!

அண்ணம் சரியா மூடாம பேச்சு மூக்கால வர்றவங்களுக்கு ப, ட, க மாதிரி வல்லின எழுத்துகள் மழுங்கிப் போகும். ஜெயராமன் பாட்டைக் கேளுங்க. வல்லினம் ஒவ்வொண்ணும் அடிச்ச ஆணி மாதிரி இருக்கும். அப்ப அது குறை இல்லை. அந்தக் கார்வை அவர் வேணும்னு வச்சுகிட்டது.

10/
ஒரு வேண்டுகோள். இதைப் படிச்சுட்டு டி.எம்.எஸ்.ஸைக் குறைச்சுப் பேசாதீங்க. 1954ல 'தூக்குத் தூக்கி' வந்த பிறகு சிவாஜி முகத்துக்கு அவர் குரல் அப்படிப் பொருந்திப் போச்சு. யாரும் யாரையும் ஏமாத்தலை, ரசனை மாறுச்சு. ஒருத்தரைப் பிடிக்கிறதுக்கு இன்னொருத்தர் தோக்கணும்னு இல்லை.

11/
இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. எழுபதுகள்ல பிரிட்டன்ல பேட்ஃபிங்கர்னு ஒரு ராக் குழு. 'விதவுட் யூ' பாட்டை எழுதிப் பாடினவங்க அவங்கதான். நில்சன் பாடினப்ப உலகம் முழுக்க ஹிட். 1994ல மரியா கேரி பாடினப்ப மறுபடியும் ஹிட். பாட்டு எல்லாருக்கும் தெரியும், குழுவைச் சிலருக்குத்தான் தெரியும். ஆனா அந்தக் குழுவோட பீட் ஹாமுக்கு அவர் ஊரான ஸ்வான்சீயில 2013ல நினைவுப் பலகை வச்சாங்க. பாட்டு தொடங்கின ஊர் மறக்கலை.

12/
நாமும் வைக்கலாம். வெளியூர் நண்பர்களுக்குச் சிதம்பரத்தைச் சுத்திக் காட்டும்போது நடராஜர், பிச்சாவரத்தோட இந்தப் பேரையும் சொல்லலாம். ஆனா எனக்கு அதைவிட அவசரமா தோணுறது வேற.

"பாட்டெல்லாம்தான் யூடியூப்ல இருக்கே"ன்னு கேப்பீங்க. இருக்கு. அதை 15 வயசுல யாரோட உக்காந்து கேட்டார்ங்கிறது யூடியூப்ல இல்லை. அது ஒரு மூளைக்குள்ள மட்டும் இருக்கு. அந்த மூளைக்கு எது எப்ப வரும்னு டாக்டராலயும் சொல்ல முடியாது.

அவரைக் கொண்டாடின ரசிகர்கள் இப்ப எண்பதைத் தாண்டினவங்க. நிறைய பேர் எங்க வார்டுல இருக்காங்க.

13/
மூணே கேள்விதான். உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எது? எங்க கேட்டீங்க? கூட யார் இருந்தாங்க? அவங்க சொல்றதை போன்ல பதிவு பண்ணுங்க. பாட்டுப் பேரை எழுதி, மருந்துச் சீட்டு இருக்கிற அதே பைல வைங்க. நாளைக்கு அவங்களால சொல்ல முடியாத ஒரு நிலை வந்தா, எங்களை மாதிரி டாக்டருக்கும் சிஸ்டருக்கும் அந்தச் சீட்டு ரொம்ப உதவும்.

14/
அந்தப் பெரியவர் போன வாரம் மறுபரிசோதனைக்கு வந்தார். இன்னும் சரளமா பேச வரலை. 'தண்ணி'ங்கிற வார்த்தையை மட்டும் ராகமா இழுத்துச் சொல்றார்.

"புதையல் படத்தை டூரிங் டாக்கீஸ்ல மணல்ல உக்காந்து பாத்தாராம் சார். அம்மா சொன்னாங்க. இத்தனை வருஷமா நாங்க கேட்டதே இல்லை"ன்னு மகள் சொன்னாங்க.

இப்ப அவங்க வீட்ல யாரும் சேனலை மாத்துறதில்லையாம்.

இன்னைக்கு ராத்திரியே வீட்ல கேட்டுட்டு, அந்தப் பாட்டோட பேரைக் கீழ எழுதுங்க.