பதறாத காரியம் சிதறாது!



நம் பள்ளியில் படம் வரைகிறவர்களுக்கெல்லாம் இப்போது ஏர்பிரஷ் ஆசை வந்திருக்கிறது. செல்போனில் பார்க்கிறோம். ஹெல்மெட்டில் புலி, பைக் டேங்கில் தீ, டி-சர்ட்டில் தலைவர் முகம்! பார்த்ததும் "எனக்கும் ஒன்னு வாங்கிக் குடுங்க" என்று வீட்டில் நிற்கிறோம். என் கருத்து என்னவென்றால், ஆளுக்கு ஒன்று வேண்டவே வேண்டாம். ஓவிய வகுப்புக்குப் பொதுவாக நல்லதாக ஒரே ஒரு செட் வாங்குவோம்.

காரணம் சொல்கிறேன். நம்மில் பாதிப் பேர் வீட்டில் அப்பா அம்மா பனியன் கம்பெனிக்குத்தான் போகிறார்கள். ஷிப்ட் கணக்கு, சனிக்கிழமை சம்பளம். அந்தச் சம்பளத்தில் நம் ஆசைக்கு என்று எடுத்து வைத்தால் என்ன வாங்க முடியும்? கையடக்கமாக, பேட்டரியில் ஓடுகிற சின்ன செட்தான் வாங்க முடியும். அதில் காற்றின் வேகம் குறைவு. காகிதத்துக்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். துணியில் பெயிண்ட் நூலுக்குள் இறங்க 40-க்கு மேல் வேண்டியிருக்கும். பனியன் ஊரில் இருந்துகொண்டு பனியனில் அடிக்க முடியாத கருவியை வாங்கி என்ன பிரயோஜனம்? பத்துப் பேர் பத்து பொம்மை வாங்குகிற காசில் உருப்படியான செட் ஒன்று வந்துவிடும். ஊர் கூடினால்தானே தேர் நகரும்!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒர்க்ஷாப்பில் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஸ்பிரே கன்னுக்கு ஏர்பிரஷ் தம்பி மாதிரி. பேனா அளவுதான் இருக்கும். காற்று நுனியில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பெயிண்ட் உறிஞ்சப்பட்டுப் புகை போல வெளியே வரும். 1879-லேயே அமெரிக்காவில் ஆப்னர் பீலர் என்பவர் இப்படி ஒன்றைச் செய்துவிட்டார். 1890-களில் சார்லஸ் பர்டிக் என்பவர் அதைத் திருத்தி, இன்றைய பேனா வடிவத்துக்குப் பக்கத்தில் கொண்டு வந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் போட்டோக்களைத் திருத்தியதும் இந்தக் கருவியால்தான்.

சரி, எதை வாங்குவது? பேனாவில் இரண்டு வகை உண்டு. சிங்கிள் ஆக்ஷனில் பொத்தானை அழுத்தினால் காற்றும் பெயிண்ட்டும் சேர்ந்தே வரும். டபுள் ஆக்ஷனில் அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட். முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் கோடு மெல்லிசாகவும் பட்டையாகவும் மாறுவது நம் விரலிலேயே இருக்கும். கற்றுக்கொள்ள அதுதான் சரி. பெயிண்ட் கிண்ணம் மேலே இருக்கிற வகையாகப் பார்க்க வேண்டும். நாலு சொட்டு ஊற்றினால்கூட வேலை நடக்கும். நாசில் 0.3 மில்லிமீட்டர், 0.5 மில்லிமீட்டர் இரண்டும் மாற்றிப் போடுகிற மாதிரி இருந்தால் நல்லது. காகிதத்துக்கு 0.3 போதும். துணி பெயிண்ட் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால் அதற்கு 0.5. ஜப்பானின் ஐவாட்டா, ஜெர்மனியின் ஹார்டர் அண்ட் ஸ்டீன்பெக் எல்லாம் பேர் போனவைதான். முதல் பேனாவுக்கு அவ்வளவு பெரிய பேர் தேவையில்லை. "ஊசி, நாசில், ஓ-ரிங் தனியாகக் கிடைக்குமா?" என்று கடையில் கேட்டாலே போதும். கீழே விழுந்தால் முதலில் வளைவது ஊசிதான்.

பணத்தைப் பேனாவில் மிச்சம் பிடித்து கம்ப்ரசரில் போடுங்கள். டேங்க் உள்ள கம்ப்ரசராக இருக்க வேண்டும். டேங்க் இல்லாவிட்டால் காற்று விட்டு விட்டு வந்து கோடும் அப்படியே விழும். அழுத்தம் காட்டும் மீட்டரும், அதைக் கூட்டிக் குறைக்கும் திருகும், காற்றில் உள்ள தண்ணீரைப் பிடிக்கும் வடிகட்டியும் அவசியம்.

இனி பழக்கம். முதல் நாளே முகம் வரையக் கிளம்பக் கூடாது. நியூஸ் பேப்பரில் புள்ளி, புள்ளிகளைச் சேர்த்துக் கோடு, பட்டையாகத் தொடங்கி ஊசியாக முடிகிற கோடு, பிறகு ஷேடு, பிறகு ஒரு பந்து. தொடங்கும்போது முதலில் காற்று, பிறகு பெயிண்ட். நிறுத்தும்போது முதலில் பெயிண்ட், கடைசியில்தான் காற்று. இது மாறினால் சொட்டு தெறிக்கும். பெயிண்ட் பால் பதத்துக்கு இருக்க வேண்டும். ரொம்பத் தண்ணீராகி, கிட்டத்தில் வைத்து அடித்தால் சிலந்திக் கால் மாதிரி ஓடும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் இதற்காகவே சொன்ன மாதிரி இருக்கிறது!

பேப்பரில் கை படிந்ததும் துணி. நம் ஊரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? வெளியூர்ப் பசங்கள் காசு கொடுத்து வாங்குகிற பனியன் துணி நமக்குத் தெருவிலேயே கிடைக்கிறது. துணிக்கான அக்ரிலிக் பெயிண்ட்டை அடித்துக் காய்ந்ததும் அயர்ன் செய்தால்தான் துவைத்தாலும் நிற்கும். பிரிண்டிங் பட்டறையில் கியூரிங் மெஷினில் சூடு கொடுக்கிறார்களே, அதே வேலைதான்.

இரண்டு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கூடாது. ஒன்று, ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுத்தான் அடிக்க வேண்டும். அந்தப் புகை மூச்சில் போகும். இரண்டு, பேனா கழுவுகிற தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. வாளியில் பிடித்துக் காயவிட்டு, மிஞ்சுகிற கசடைக் குப்பையில் போடலாம். நொய்யலில் சாயம் கலந்ததால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையே மூடச் சொன்ன ஊர் இது. அளவு சின்னது என்று நாம் சாக்கு சொல்லக் கூடாது.

"கம்ப்யூட்டரே டி-சர்ட்டில் நேராக பிரிண்ட் அடிக்கிறதே, இது எதுக்குங்க?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிளெக்ஸ் வந்த பிறகு கையால் போர்டு எழுதியவர்கள் எத்தனை பேர் வேலை இழந்தார்கள் என்று பார்த்திருக்கிறோம். ஏர்பிரஷ் சோறு போடும் என்று நான் சத்தியம் செய்யவில்லை. ஆனால் நம்மில் பல பேர் நாளைக்குக் கம்பெனி வேலைக்குத்தான் போவோம். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே கரையும், எந்தக் கலர் மேல் எந்தக் கலர் போகும் என்று தெரிந்து போகிறவன் பிரிண்டிங் டேபிளில் ஹெல்ப்பராகவே நின்றுவிட மாட்டான். டிசைன் ரூம் கதவைத் தட்டுகிற தைரியம் அவனுக்கு வரும்.

ஆகவே தலைமையாசிரியர் அவர்களுக்கும் ஓவிய ஆசிரியர் அவர்களுக்கும் என் வேண்டுகோள்: ஓவிய வகுப்புக்கு ஒரு செட், ஒரு பூட்டுப் பெட்டி, ஒரு கையெழுத்து நோட்டு. மாணவர்கள் எங்களால் ஆனதைச் சேர்க்கிறோம். நோட்டில் ஒரே ஒரு விதி எழுதி வையுங்கள்: கழுவி வைக்காதவருக்கு அடுத்த வாரம் பேனா கிடையாது!

— 11-ஆம் வகுப்பு மாணவன்