கடலுக்குக் கோபமா?

டோல்கேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள குப்பங்களில் மீன் அகப்படாவிட்டாலும், புயல் வந்தாலும் "கடலம்மாவுக்குக் கோபம்" என்று சொல்லிவிடுகிறார்கள். கோபம் என்றால் கூழ் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். சூடு என்றாலோ காரணம் கேட்க வேண்டிவரும். காரணம் கேட்டால் புகைபோக்கி வைத்திருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே இந்தக் கோபத்தால் யாருக்கு லாபம் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்து மகா சமுத்திரத்தின் மேல்நீர் சுமார் 1 டிகிரி சூடேறிவிட்டதென்றும், உலகக் கடல்களின் சராசரி ஏற்றம் 0.7 டிகிரியே என்றும் மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020-ஆம் வருஷத்து அறிக்கை கூறுகிறது. இனி 2100 வரை பத்தாண்டுக்கு 0.17 முதல் 0.38 டிகிரி வீதம் ஏறுமென்று, புனா வெப்பமண்டல வானிலை நிறுவனத்து ராக்ஸி மாத்யூ கோல் முதலியோர் 2024-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

"பஞ்சாங்கமும் வருங்காலம் சொல்லுகிறது, இதுவும் சொல்லுகிறது, இரண்டுக்கும் என்ன பேதம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். விஞ்ஞானி சொன்னார் என்பதற்காகவே நம்புவதும் மூடநம்பிக்கையே யாகும்.

இவர்கள் கடலையும் காற்றையும் கட்டங்கட்டமாகப் பிரித்து, வெயில், காற்று, நீரோட்டம், கரியமிலவாயு இவைகளின் விதிகளைக் கொண்டு கணிப்பொறியில் கணக்கிடுகிறார்கள். நடந்துபோன காலத்தையும் அப்படியே கணக்கிட்டு, கப்பல்களும் மிதவைகளும் அளந்த சூட்டோடு ஒத்துப் பார்க்கிறார்கள், பிசகினால் திருத்துகிறார்கள். எந்தப் பஞ்சாங்கக்காரர் சென்ற வருஷத்துப் பலனை ஒத்துப் பார்த்துத் தம் பிழையை அச்சிட்டார்?

அன்றியும், காசிமேட்டில் எந்தத் தேதியில் புயல் அடிக்கும் என்று இக்கணக்கு சொல்லாது. அதன் கட்டங்கள் பல மைல் அகலமுள்ளவை. ஆனால் கடல் சூடேறினால் புயலுக்குத் தீனி பெருகும், மீன் இடம் மாறும் என்பது நிச்சயம்.

0.17-க்கும் 0.38-க்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் மனிதர் விடப்போகும் புகையின் அளவே. தலைவிதியானால் இப்படி இரண்டு எண் இராது. ஆதலால் இக்கணக்கைத் தமிழில் எழுதி மீன் ஏலக் கூடத்தில் ஒட்டவேண்டும். அதைப் பார்த்தே கடற்சுவரும் குடியிருப்பும் கட்டவேண்டும். கரி எரிப்பதைக் குறைக்கவேண்டும் என்கிறோம்.

கடலுக்குக் கோபமில்லை. கோபம் வரவேண்டியது கட்டுமரக்காரருக்கே.