ஒரே ஒரு வெற்றி போதுமா? ஆசியக் கோப்பையில் இந்தியப் பெண்கள் அணியின் உலகக்கோப்பைக் கணக்கு

மார்ச் 4, புதன்கிழமை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இந்தியப் பெண்கள் கால்பந்து அணி வியட்நாமைச் சந்திக்கிறது. மூன்று நாள் கழித்து அதே ஊரில் ஜப்பான். மார்ச் 10 அன்று சிட்னியில் தைவான் (போட்டிப் பட்டியலில் 'சீன தைபே' என்றுதான் இருக்கும், குழம்ப வேண்டாம்). பெர்த் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அதனால் மூன்றில் இரண்டு ஆட்டங்களை ஆபீஸ் நாளில், ஒரு கண்ணை லேப்டாப்பிலும் இன்னொரு கண்ணை மொபைலிலும் வைத்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

பார்க்கும் அளவுக்கு என்ன இருக்கு? இருக்கு. ஆண்கள் அணி 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறவில்லை. வங்கதேசம், ஹாங்காங், சிங்கப்பூர் இருந்த குழுவிலிருந்து வெளியே வந்தது. கடந்த நவம்பரில் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1 என்று தோற்றதை இன்னும் யாரும் மறக்கவில்லை. பெண்கள் அணி நிற்கும் இடமோ வேறு. இந்த ஒரு தொடரில் சரியாக ஆடினால், 2027-ல் பிரேசிலில் நடக்கும் உலகக்கோப்பைக்கான கதவு உண்மையிலேயே திறக்கும்.

இங்கே எப்படி வந்தார்கள்?

2025 ஜூன், ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் தகுதிச் சுற்று. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்டேயை 4-0, ஈராக்கை 5-0. இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கடைசி ஆட்டம்தான் பரீட்சை: தாய்லாந்து, அதுவும் அவர்கள் மண்ணில். இரண்டு முறை உலகக்கோப்பை ஆடிய அணி அது. சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல் அடித்தார், 2-1. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் நுழைவது இதுவே முதல் முறை.

அந்த அணி தயாரானது நம்ம பெங்களூரில். நகரின் வடக்கே இருக்கும் படுகோன்-டிராவிட் மையத்தில் வாரக்கணக்கில் முகாம் நடந்தது. உஸ்பெகிஸ்தானோடு இரண்டு நட்பு ஆட்டங்களும் அங்கேயே. அடுகோடியில் பிஜி-யில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பது சந்தேகம்தான்.

இந்த ஊருக்கும் தமிழர் கால்பந்துக்கும் பழைய உறவு உண்டு. அல்சூர் கௌதமபுராவில் பீலேவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். அடுகோடிக்குப் பக்கத்திலேயே ஆஸ்டின் டவுன் மைதானம். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபிரான்ஸுக்கு எதிராக சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். இந்தப் பெருமைக் கதைகளில் பெண்கள் பெயர் அநேகமாக வராது.

சரி, கணக்குக்கு வருவோம்

மொத்தம் 12 அணிகள், மூன்று குழுக்கள். ஒவ்வொரு குழுவிலும் முதல் இரண்டு அணிகள் நேராகக் காலிறுதிக்குப் போகும். மூன்றாவதாக வரும் மூன்று அணிகளில் சிறந்த இரண்டுக்கும் இடம் உண்டு. அதாவது 12-ல் 8 அணிகள் தாண்டிவிடும்.

காலிறுதியில் ஜெயித்து அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கும் உலகக்கோப்பை டிக்கெட் நேரடியாகக் கிடைக்கும். தோற்கும் நான்கு அணிகளும் இரண்டு இரண்டாக மோதும். அதில் ஜெயிக்கும் இரண்டும் பிரேசில் போகும். தோற்கும் இரண்டுக்கும்கூட கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப் வாய்ப்பு மிச்சம் இருக்கும். காலிறுதிக்குப் போய்விட்டால், அங்கே தோற்றாலும், உலகக்கோப்பைக்கு ஒரே ஒரு வெற்றி தூரம்தான்.

இது காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு ஆதாரம் நம்ம குழுவிலேயே இருக்கிறது. 2022 ஆசியக் கோப்பை இந்தியாவில்தான் நடந்தது. குழு ஆட்டங்களில் வியட்நாம் எடுத்தது ஒரே ஒரு புள்ளி. ஜப்பானிடமும் தென் கொரியாவிடமும் தலா 0-3 என்று தோற்றார்கள். மியான்மரோடு 2-2 டிரா. அப்படியும் மூன்றாவது இடத்து அணியாகக் காலிறுதிக்குள் நுழைந்து, சீனாவிடம் தோற்று, பிறகு பிளே-ஆஃபில் தாய்லாந்தையும் தைவானையும் ஜெயித்து 2023 உலகக்கோப்பைக்குப் போனார்கள்.

அதே தொடரில் இந்தியாவுக்கு என்ன ஆனது? ஈரானோடு 0-0. அடுத்து நவி மும்பையில் தைவானோடு ஆட வேண்டிய நாளில் அணிக்குள் கொரோனா. தேவையான 13 பேரைக்கூட இறக்க முடியவில்லை. சொந்த நாட்டில் நடந்த தொடரிலிருந்து ஒரே ஆட்டத்தோடு வெளியே. அந்தக் குழுவில் மூன்றாவதாக வந்த ஈரான், சீனாவிடம் 0-7, தைவானிடம் 0-5 என்று வாங்கிய அடியால் கோல் வித்தியாசத்தில் கீழே போய் வாய்ப்பை இழந்தது.

ஜப்பான் ஆட்டம் ஏன் முக்கியம்?

ஜெயிப்பதற்காக இல்லை. 2011 உலக சாம்பியன், உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் இருக்கும் ஜப்பானை இந்தியா ஜெயிக்கும் என்று யாரும் சொல்லப் போவதில்லை. 2023 அக்டோபரில் தாஷ்கண்டில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஜப்பான் 7-0 என்று ஜெயித்தது.

மூன்றாவது இடத்து அணிகளை வரிசைப்படுத்தும்போது முதலில் புள்ளி, அது சமமானால் கோல் வித்தியாசம். இன்னொரு 0-7 வந்தால், தைவானை 1-0 என்று ஜெயித்தாலும் இந்தியாவின் கணக்கு மைனஸ் ஆறில் நிற்கும், வியட்நாம் ஆட்டத்தைச் சேர்க்காமலே. மற்ற குழுக்களில் பிலிப்பைன்ஸ், ஈரான், உஸ்பெகிஸ்தான், வங்கதேசம் என்று அதே இடத்துக்குக் குறி வைக்கும் அணிகள் இருக்கின்றன. எனவே ஜப்பானிடம் 0-3 என்று தோற்பதற்கும் 0-7 என்று தோற்பதற்கும் நடுவில் ஒரு காலிறுதியே இருக்கலாம். 0-4 ஆன பிறகு "நல்லா ஆடுவோம்"னு முன்னால் ஏறிப் போவது அழகாக இருக்கும், கணக்குக்கு உதவாது.

என் கணிப்பு: தைவான் ஆட்டம்தான் இறுதியாட்டம் மாதிரி. வியட்நாமிடம் 2023-ல் 1-3 தோல்வி. அவர்கள் பந்தை வைத்து ஆடும் விதத்தில் இந்தியாவைவிட ஒரு படி மேலே. அங்கே ஒரு டிரா கிடைத்தால் லாபம். தைவானும் தரவரிசையில் இந்தியாவுக்கு மேலேதான், ஆனாலும் எட்ட முடியாத தூரம் இல்லை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அஞ்சு தமாங் கோலால் இந்தியா முன்னிலை பெற்று, கடைசியில் 1-2 என்று கோட்டை விட்டது. இந்த முறை சிக்கல், ஜப்பான் ஆட்டம் முடிந்து இரண்டே நாள் இடைவெளியில் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் பறக்க வேண்டும். ஜப்பானோடு முழு பலத்தையும் செலவழிப்பதா, சிலருக்கு ஓய்வு கொடுப்பதா என்ற கேள்வி அங்கே வரும்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அமேலியா வால்வெர்டே. கோஸ்டாரிகாவை 2015, 2023 உலகக்கோப்பைகளுக்கு அழைத்துப் போன பயிற்சியாளர். சின்ன அணியை வைத்துப் பெரிய அணியிடம் சேதாரத்தைக் குறைப்பது அவருக்குப் பழக்கமான வேலை. ஆனால் பொறுப்பேற்றது ஜனவரியில்தான். சியாங் மாயில் அணியை ஜெயிக்க வைத்தவர் கிறிஸ்பின் செத்ரி. தொடருக்கு இரண்டு மாதம் முன்னால் தலைமையை மாற்றியது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. இன்னொரு பக்கம், அக்டோபரில் ஷில்லாங்கில் ஈரானிடமும் நேபாளத்திடமும் தோற்றதைப் பார்த்தால், எதையும் மாற்றாமல் இருப்பதும் பாதுகாப்பாகத் தெரியவில்லை.

அடியில் இருக்கும் பிரச்சினை

மனிஷா கல்யாண் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண். அவர் மாதிரி வெளிநாட்டு லீக் பார்த்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களுக்கு இந்தியப் பெண்கள் லீக். எட்டு அணிகள் இருந்த 2024-25 சீசனில் ஓர் அணிக்கு 14 ஆட்டம். வருஷத்துக்கு 14 பெரிய ஆட்டம் ஆடுபவர், 90-வது நிமிடத்தில் ஜப்பான்காரர் பின்னால் ஓட வேண்டும்.

சம்பளத்தையும் பாருங்கள். 2023-ல் கால்பந்துக் கூட்டமைப்பு ஒரு முடிவு எடுத்தது: ஒவ்வொரு கிளப்பிலும் பத்து இந்திய வீராங்கனைகளுக்காவது வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 3.2 லட்சம் ரூபாய் ஒப்பந்தம். ஓசூர் ரோட்டில் வேலைக்குச் சேரும் ஐடி ஃப்ரெஷர் வாங்கும் பேக்கேஜ் அளவு. நாட்டின் உச்ச லீக்கில் அது 'முன்னேற்றம்' என்று அறிவிக்கப்பட்டது.

இதற்கு நடுவில்தான் தமிழ்நாடு அணி 2017-18, 2022-23 என இரண்டு முறை தேசிய சாம்பியன் ஆனது. மதுரையின் சேது எஃப்சி 2019-ல் லீக்கையே வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே இந்தியாவுக்கு ஆடினார்.

மார்ச் 10 இரவு இந்தியாவின் கையில் மூன்று புள்ளியும் மைனஸ் நான்குக்குள் கோல் வித்தியாசமும் இருந்தால், மற்ற குழுக்களின் மூன்றாம் இடத்து அணிகளின் ஸ்கோரை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.