புறம் 192, அடி 1

புறநானூற்றில் கணியன் பூங்குன்றனாரின் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ பாட்டுக்கு மொத்தம் 13 அடி. ஊருக்கெல்லாம் தெரிந்தது முதல் அடி மட்டும். அலங்கார வளைவுகளில் அது இருக்கிறது, மாநாட்டு மலர்களில் இருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொது அவையில் பிரதமர் மோடி பேசிய பேச்சிலும் அது வந்தது. மேடைக்கு ஓர் அடி போதும். ஆய்வுக் கட்டுரைக்குப் போதாது. மிச்சமுள்ள 12 அடிகளில் பாட்டு வேறு திசையில் நடக்கிறது. நன்மையும் தீமையும் யாரும் கொடுத்து வருவதில்லை, சாவு புதிதில்லை, ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் தன் முறைப்படி போகிறது, ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. பாட்டைத் தொகுத்தவர்கள் இதற்கு வைத்த துறை பொருண்மொழிக்காஞ்சி. முதல் அடியை மட்டும் நறுக்கி ‘தமிழரின் உலக ஒருமைப்பாடு’ என்று தலைப்பிட்டு எழுதும் மாணவர், ஊழைப் பேசும் மற்ற அடிகளுக்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க வாசகருக்கு வழிவிடுவதுதான் மேற்கோளின் பின்னால் அடைப்புக்குறிக்குள் வரும் ‘புறம். 192:1’ என்ற சிறு குறிப்பு.

இந்தக் குறிப்பு எவ்வளவு பெறும் என்பதைத் தமிழில் உ.வே.சாமிநாதையரைவிட அதிகம் உணர்ந்தவர் இருக்க முடியாது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டிவிட, அவர் சீவக சிந்தாமணியைக் கையில் எடுத்தார். நச்சினார்க்கினியர் உரையைப் படிக்கப் படிக்க ஒரு தொல்லை. உரைகாரர் பக்கத்துக்குப் பக்கம் மேற்கோள் காட்டுகிறார். ‘என்றார் பிறரும்’ என்று போகிறார். எந்தப் பிறர், எந்த நூல்? சொல்வதில்லை. பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது, அந்த அடிகளில் பல பத்துப்பாட்டிலும் எட்டுத்தொகையிலும் கிடந்தன. சிந்தாமணி 1887இல் அச்சேறியது. பத்துப்பாட்டு 1889இல், புறநானூறு 1894இல். சங்க நூல்கள் அச்சுக்கு வந்த வழியில் முகவரியில்லாத மேற்கோள்களைத் தேடி அலைந்த அலைச்சலும் உண்டு.

நச்சினார்க்கினியரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருடைய வாசகருக்குப் பாட்டு மனப்பாடம். தொடக்கத்தில் இரண்டு சொல் போட்டால் மீதியை அவரே சொல்லிக்கொள்வார். அந்த வாசகர் போன பிறகுதான் சிக்கல். யாப்பருங்கல விருத்தியுரையில் எடுத்துக்காட்டாக வரும் செய்யுள்கள் ஏராளம். அவற்றில் பலவற்றுக்கு ஆசிரியர் பெயரும் தெரியாது, நூற்பெயரும் தெரியாது. எதிர்ப்பக்கத்தில் புறத்திரட்டு இருக்கிறது. அதைத் தொகுத்தவர் யாரென்று தெரியவில்லை, ஆனால் எடுத்த நூலின் பெயரைக் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரத்தில் நூற்றுச் சொச்சம் பாடல்கள் இன்று கையில் இருப்பதற்கு அந்தப் புண்ணியவானே காரணம்.

உ.வே.சா. 1937இல் குறுந்தொகையைப் பதிப்பித்தபோது பாடல்களின் கீழே ‘மேற்கோளாட்சி’ என்று ஒரு பகுதி வைத்தார். இந்த அடியை எந்த உரையாசிரியர், எந்த நூற்பாவின் உரையில், எதற்காக எடுத்தாண்டார் என்பதெல்லாம் அதில் உண்டு. ‘ஒப்புமைப் பகுதி’ தனி. மேற்கோள் காட்டுவது மேல்நாட்டுக் கையேட்டிலிருந்து வந்த சடங்கு என்று நினைக்கும் முதுகலை மாணவர்கள், நூலகத்தில் அந்தப் பதிப்பை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

பாட்டு எண் மட்டும் போதுமா? புறநானூற்றுக்கும் குறுந்தொகைக்கும் பெரும்பாலும் போதும். திருக்குறளுக்கே போதாத இடம் உண்டு. நாம் பழகிய 1 முதல் 1330 வரையான வரிசை பரிமேலழகர் வைத்தது. மணக்குடவர் உரையில் அதிகாரத்துக்குள் குறள்கள் வேறு முறையில் நிற்கின்றன. தொல்காப்பியத்தில் இளம்பூரணர் எண்ணும் நச்சினார்க்கினியர் எண்ணும் ஒத்துப்போகாது. ஒருவர் ஒரே நூற்பாவாகக் கொண்டதை மற்றவர் இரண்டாக்குவார். கம்பனில் காண்டம், படலம், பாட்டு எண் மூன்றும் கொடுத்தாலும் பதிப்பைச் சொல்லாவிட்டால் தேடுபவர் திண்டாட வேண்டும், ஏனென்றால் ஒரு பதிப்பு ‘மிகைப் பாடல்’ என்று ஒதுக்கியதை இன்னொன்று உள்ளே வைத்து எண் போட்டிருக்கும். ஆங்கிலத்திலும் இதே கதைதான். எமிலி டிக்கின்சன் கவிதைகளுக்கு ஜான்சன் 1955இல் ஓர் எண் வரிசை தந்தார், ஃபிராங்க்ளின் 1998இல் வேறொன்று தந்தார். எந்த வரிசை என்பதைக் காட்ட அறிஞர்கள் எண்ணோடு பதிப்பாசிரியரின் முதலெழுத்தையும் சேர்க்கிறார்கள்.

பதிப்பைச் சொல்ல இன்னொரு காரணம் சொல் பிரிப்பு. மர்ரே எஸ். ராஜம் 1950களில் சந்தி பிரித்து மலிவு விலையில் வெளியிட்ட பதிப்புகள் சாதாரண வாசகருக்குச் சங்கப் பாட்டைத் திறந்துவிட்டன. அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் யாப்பைப் பற்றி எழுதுகிறவர் பிரித்த பாடத்தை எடுத்துப் போட்டால் கதை கந்தல். ஏழு சீரில் நிற்க வேண்டிய குறள் எட்டு, ஒன்பது துண்டாகிவிடும், தளையும் தட்டும். பொருளுக்காக எடுத்தால் பிரித்துக்கொள்ளலாம், ‘சொற்பிரிப்பு கட்டுரையாளருடையது’ என்று ஒரு வரி சேர்த்தால் போயிற்று.

அடுத்தது, பேசுவது யார்? ஆய்வேடுகளில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். குறுந்தொகை 40 செம்மண்ணில் பெய்த மழையைச் சொல்லும் பாட்டு. கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிட்டது. ‘காதல் பற்றிப் புலவர் கூறும் தத்துவம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பாட்டின் கீழேயே கூற்று எழுதியிருக்கிறது. முதற்கூடலுக்குப் பின், இவர் பிரிந்துவிடுவாரோ என்று அஞ்சுகிற தலைவியின் முகக்குறிப்பைப் பார்த்துத் தலைவன் சொன்னது அது. புலவரின் சொந்தப் பெயர்கூடத் தெரியாமல், பாட்டின் தொடரையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று வைத்திருக்கிறார்கள். பெயரே தெரியாத ஒருவர் தலையில் தத்துவத்தைக் கட்டுவது கொஞ்சம் அதிகம். ‘ஔவையார் கூறுகிறார்’ என்று எழுதுபவர்களும் எந்த ஔவையார் என்று சொல்லிவிடுவது நல்லது. அதியமானைப் பாடியவருக்கும் ஆத்திசூடி பாடியவருக்கும் நடுவே பல நூற்றாண்டுகள் இருக்கின்றன.

புதுக்கவிதையில் அடி எண் கிடையாது. வரி முறிகிற இடம்தான் எல்லாமே. அதை உரைநடைபோல ஓட்டி எழுதினால் கவிதை போய்விடும். இதற்கு எம்.எல்.ஏ. முறை (சட்டமன்றத்தை விடுங்கள்; இது அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) எளிய வழி வைத்திருக்கிறது. மூன்று வரி வரை வாக்கியத்துக்குள்ளேயே எழுதி, வரி முறியும் இடத்தில் ஒரு சாய்கோடு, பத்தி முறியும் இடத்தில் இரண்டு. மூன்றைத் தாண்டினால் உள்தள்ளித் தனியாக, கவிஞர் முறித்தபடியே. தமிழுக்கும் இது சரியாகப் பொருந்தும்.

ஆண்டையும் கவனிக்க வேண்டும். ந. பிச்சமூர்த்தியின் ‘காதல்’ 1934இல் ‘மணிக்கொடி’யில் வந்தது. கையில் கிடைத்த மறுபதிப்பின் ஆண்டை மட்டும் போட்டால், புதுக்கவிதையை வளர்த்த ‘எழுத்து’ இதழ் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பே வந்த கவிதை அதற்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். தமிழ்ப் புதுக்கவிதை வரலாறே அங்கே கோணிவிடும். முதலில் வெளியான ஆண்டு, பார்த்த பதிப்பின் ஆண்டு இரண்டையும் கொடுப்பதற்கு அரை வரி போதும்.

இன்னொருவர் கட்டுரையிலிருந்து எடுத்த அடியை மூல நூலில் பார்த்ததுபோல் எழுதுவதை நெறியாளர்கள் முதல் வாசிப்பிலேயே தடுக்க வேண்டும். சங்க நூல்கள் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்திலும் மதுரைத் திட்டத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆய்வேட்டைக் கட்டடம் செய்யக் கொடுக்குமுன், அதிலுள்ள ஒவ்வொரு பாட்டையும் அங்கே போய் ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.