டயரில் ‘பூ’ இருந்தது, பிடிப்பு இல்லை

கடந்த அக்டோபரில் ஒரு மாலை, கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில், ஷா ஆலாம் அருகே விழுந்தேன். மழை விட்டுக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மேம்பாலத்தின் கீழ் ஒதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சட்டென்று எனக்கு முன்னால் நுழைய, முன் பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. மணிக்கு 50 கிலோமீட்டர்கூட நான் போகவில்லை. முழங்கையில் தோல் போயிற்று, ஒரு பக்கக் கண்ணாடி உடைந்தது. பின்னால் வந்தவர் சரியான நேரத்தில் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தாமல் இருந்திருந்தால் என்பதை நான் அதிகம் யோசிப்பதில்லை.

வண்டி, பழைய யமஹா ஆர்25. கிள்ளானிலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போய்வர ஆறு மாதங்களுக்கு முன் வாங்கியது. விற்றவர் பின் டயரைப் புதிதாக மாற்றிக் கொடுத்தார். முன் டயரைக் காட்டி, “பூ இன்னும் நிறைய இருக்கு தம்பி, மாத்தத் தேவையில்ல” என்றார். டயரில் உள்ள பள்ளக் கோடுகளை மலாயில் பூ என்றுதான் சொல்வார்கள். பூ நிறையவே இருந்தது, நானும் பார்த்தேன். நான் பார்க்காதது டயரின் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்களை: 3416. விழுந்த பிறகு பட்டறை அண்ணன்தான் அதன் பொருளைச் சொன்னார். 2016ஆம் ஆண்டின் 34ஆவது வாரத்தில் செய்த டயர். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ரப்பர் இறுகிப் போயிருந்தது. அவர் நகத்தால் அழுத்திக் காட்டினார், பிளாஸ்டிக் மாதிரி இருந்தது.

நம் நாட்டில், பெருந்தொற்றுக் கால ஊரடங்கு ஆண்டுகளை விட்டுப் பார்த்தால், ஆண்டுதோறும் 6,000 பேருக்கு மேல் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள். அவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். 2030க்குள் சாலை மரணங்களைப் பாதியாகக் குறைப்பது அரசாங்கத்தின் இலக்கு. அந்த வழியில் எடுத்த முடிவுகளில் ஒன்று, 2025 முதல் 150 சிசி மற்றும் அதற்கு மேற்பட்ட புதிய மோட்டார் சைக்கிள் மாடல்களுக்கு ஏபிஎஸ் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

நல்ல முடிவுதான். என் பழைய வண்டியில் ஏபிஎஸ் இருந்திருந்தால் அன்று நான் விழாமல் தப்பியிருக்கலாம். ஆனால் ஏபிஎஸ் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகும் தருணத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, அவ்வளவுதான். சாலையைப் பிடிப்பது டயர். இறுகிய டயரில் ஏபிஎஸ் இருந்தால், விழாமல் இருக்கலாம், ஆனால் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். முன்னால் லாரி இருந்தால் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? இன்னொன்று, தனியார் மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுப் பரிசோதனை எதுவும் இங்கே கிடையாது. சாலைத் தடுப்புச் சோதனையில் டயரைப் பார்த்தாலும் பூ தேய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். ரப்பரின் வயதைப் பார்க்க வண்டிக்காரனைத் தவிர வேறு ஆள் இல்லை. 250 சிசி வரை ஓட்ட பி2 உரிமம் போதும் என்பதால் இத்தகைய குட்டி ஸ்போர்ட்ஸ் வண்டிகளைப் பழையதாக வாங்கி ஓட்டுகிறவர்களில் என் வயதுக்காரர்கள் நிறைய. வண்டி மூன்று கை மாறி வருகிறது. டயரும் கூடவே வருகிறது.

சரி, புதிய டயர் வாங்கப் போனேன். எந்த பிராண்டு நல்லது என்று கேட்டேன். அண்ணன் பதில் சொல்லவில்லை. “எந்த ரோட்ல, எத்தன மணிக்கு ஓட்டுறீங்க?” என்று திருப்பிக் கேட்டார். காலை ஏழு மணிக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புவேன் என்றேன். “அப்ப மழை டயர்தான்” என்றார். கிள்ளான் பள்ளத்தாக்கில் அக்டோபர், நவம்பர் மாலைகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

என் வண்டிக்கு முன்னால் 110/70-17, பின்னால் 140/70-17. அகலம் 110 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு, ரிம் 17 அங்குலம். அதன் பிறகு வரும் 54S என்பதில் 54 சுமைக் குறியீடு, அதாவது 212 கிலோ வரை. S என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை தாங்கும். நம் நெடுஞ்சாலைகளில் வேக வரம்பே 110தான். இதற்கு மேலே போகும் எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் தருவது, என்னைக் கேட்டால், வீண்.

என் பிரச்சினை பணம்தான். பிடிபிடிஎன் கடனில் படிப்பவனுக்கு டயர் என்பது ஒரு மாதச் சாப்பாடு. மூன்று விலை சொன்னார்கள். நீண்டகாலம் உழைக்கும் கடினமான ரப்பர், ஒரு ஜோடி 320 ரிங்கிட், சுமார் 16,000 கிலோமீட்டர் வரும் என்பது அண்ணனின் கணக்கு. பந்தயத் தட டயரைப் போன்ற மென்மையான ரப்பர், 650 ரிங்கிட், 10,000 கிலோமீட்டர். நடுவில் ஒன்று, ரப்பரில் சிலிக்கா கலந்தது, ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும், 500 ரிங்கிட், 15,000 கிலோமீட்டர். நாளைக்கு 60 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். முதல் டயருக்கு நாளொன்றுக்கு 1 ரிங்கிட் 20 சென், மென்மையானதற்கு 3 ரிங்கிட் 90 சென், நடுவிலுள்ளதற்கு 2 ரிங்கிட். மலிவான டயருக்கும் நடு டயருக்கும் உள்ள வித்தியாசம் 80 சென். பட்டறையில் நின்றே கைப்பேசியில் இதைப் போட்டுப் பார்த்தேன். அதுவரை 180 ரிங்கிட் மிச்சம் என்றுதான் என் மூளை சொல்லிக்கொண்டிருந்தது.

விடுமுறையில் உணவு விநியோகம் செய்யும் நண்பர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரி வரும். நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் தேயாத டயரைத்தான் தேடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் மழையில் அதிகம் ஓட்டுவதும் அவர்கள்தான். ஓர் ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் டயர்ச் செலவையும் தானே சுமக்கும்போது, பிடிப்பைக் காட்டிலும் உழைப்பைத் தேர்ந்தெடுப்பான். சாலைப் பாதுகாப்புப் பிரசாரங்களில் இந்த விஷயம் பேசப்பட்டு நான் பார்த்ததில்லை.

அகலப் பைத்தியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் வளாகத்தில் பெரிய வண்டியிலிருந்து கழற்றிய 160 டயரைப் பாதி விலைக்கு வாங்கிப் பின்னால் மாட்டுகிறவர்கள் உண்டு. பின்னாலிருந்து பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 140க்குச் செய்த ரிம்மில் 160 டயரை மாட்டினால் இரண்டு பக்கமும் உள்ளே இழுபட்டு நடுப்பகுதி கூம்பிவிடும். காசு கொடுத்து வாங்கிய அகலம் சாலையில் படாது. சில நேரம் சங்கிலியிலும் உரசும். கப்சாயில் இதற்கு நேர்மாறு, சைக்கிள் டயர்போல மெல்லியதை மாட்டுகிறார்கள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே, படம் எடுத்தால் நன்றாக இருக்கும்.

நடு டயரையே வாங்கினேன், இரண்டு சக்கரத்துக்கும். ஆறு மாதமே ஆன பின் டயரை ஏன் மாற்ற வேண்டும் என்று அப்பா கேட்டார். அதன் தேதியைக் காட்டினேன். எனக்குப் புதிதாக மாற்றிக் கொடுத்த டயர் கடையில் நான்கு ஆண்டுகள் கிடந்த சரக்கு. மாட்டிய பிறகு முதல் 100 கிலோமீட்டர் மெதுவாகப் போகச் சொன்னார் அண்ணன். புது ரப்பரின் மேல்தோல் வழுவழுப்பாக இருக்கும், அது தேய வேண்டும். அந்த வாரம் முழுக்கக் கப்சாய்கள் எல்லாம் என்னை முந்திக்கொண்டு போயின.

போன வாரம் துறைத் தம்பி ஒருவன் தன் வண்டியின் படத்தை அனுப்பி, எந்த டயர் மாட்டலாம் அண்ணா என்று கேட்டான். முன் டயரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். 1817 என்று இருந்தது. பிடிபிடிஎன் பணம் அடுத்த மாதம்தான் வரும் என்கிறான். அதுவரை பேருந்தில் வா என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.