மனக்காயத்திலும் வர்க்கப் பிரிவினை

முதல் உலகப் போரின்போது, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை ஒட்டிய கிரெய்க்லாக்கார்ட் ராணுவ மருத்துவமனையிலிருந்து ‘ஹைட்ரா’ என்ற பத்திரிகை வெளிவந்தது. அதனை நடத்தியவர்கள் அங்கே சிகிச்சை பெற்றுவந்த அதிகாரிகள். பீரங்கிகளின் முழக்கத்திலும் பதுங்குகுழிகளின் பயங்கரத்திலும் மனம் சிதைந்து, உறக்கம் இழந்து வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். செயலூக்கமே அவர்களை மீட்கும் என்று கருதிய மருத்துவர் ஆர்தர் பிராக், எழுத்து, நாடகம், தோட்டவேலை ஆகியவற்றில் அவர்களை ஈடுபடுத்தினார். இளம் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் 1917இல் அப்பத்திரிகையின் ஆசிரியரானார். மற்றொரு மருத்துவரான ரிவர்ஸ், அச்சத்தை உள்ளுக்குள் புதைக்காமல் மனம்விட்டுப் பேசச் செய்தார். மனிதநேயம் மிக்க இம்முறைகள் பலருக்குப் பலன் தந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் அவை யாருக்குக் கிடைத்தன, எதற்காக அளிக்கப்பட்டன என்பதே கேள்வி.

கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கான மருத்துவமனை. தொழிலாளர், விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்த சிப்பாய்களின் நிலை வேறு. லண்டன் குயின் ஸ்கொயர் மருத்துவமனையில், பேச்சிழந்த சிப்பாய்களின் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார் மருத்துவர் லூயிஸ் யெல்லாண்ட். போர்முனையை விட்டு ஓடியது, கோழைத்தனம் காட்டியது போன்ற குற்றச்சாட்டுகளின் பேரில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு 2006இல்தான் மன்னிப்பு வழங்கியது.

பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்களை ஏகாதிபத்தியம் அப்போருக்காகக் கடல் கடத்தியது. காயமுற்றுப் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் கிடந்த இந்தியச் சிப்பாய்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் பிரித்துப் படித்தனர். குணமடைந்தவர்களை மீண்டும் போர்முனைக்கே அனுப்புகிறார்கள் என்ற குமுறல் அக்கடிதங்களில் ஒலித்தது. வெள்ளை அதிகாரியின் எழுத்து மருந்தாக மதிக்கப்பட்டது. இந்தியச் சிப்பாயின் எழுத்து கண்காணிக்கப்பட்டது.

அதிகாரிகளுக்கு அளிக்கப்பட்ட சிகிச்சையின் நோக்கமும் போரே. குணமடைந்த ஓவன் போர்முனைக்குத் திரும்பி, போர் ஓய்வதற்கு ஒரு வாரம் முன்பு, 1918 நவம்பர் 4 அன்று கொல்லப்பட்டார். தற்காப்புக்காகத் தொடங்கிய போர் ஆக்கிரமிப்புப் போராக மாறிவிட்டது என்று 1917இல் பகிரங்கமாக அறிவித்தவர் கவிஞர் சீக்ஃபிரீட் சசூன். ராணுவம் அவரை விசாரணை மன்றத்தில் நிறுத்தாமல் இதே மருத்துவமனைக்கு அனுப்பியது. அவருடைய அரசியல் எதிர்ப்புக்கு நோய் என்று பெயர் சூட்டப்பட்டது.

இந்த வரலாறு இன்றைய இந்தியாவுக்கும் பொருந்தும். அக்னிபத் திட்டத்தில் சேரும் இளைஞர்களில் பெரும்பாலோர் நான்கே ஆண்டுகளில் ஓய்வூதியமின்றி வெளியேற்றப்படுவர். மனக்காயமோ பல ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கும். அப்போது அவர்களுக்குச் சிகிச்சை அளிப்பது யார் பொறுப்பு? கலையும் எழுத்தும் உரையாடலும் இணைந்த மனநல சிகிச்சை, பதவி வேறுபாடின்றி ஒவ்வொரு படைவீரருக்கும், பணிக்காலம் முடிந்த பின்னரும், உரிமையாகக் கிடைக்க வேண்டும். மனிதரை மனிதராக மீட்பதற்கே மருத்துவம்; மீண்டும் பீரங்கிக்கு இரையாக்குவதற்கு அல்ல. போரை எதிர்க்கும் இயக்கம் இக்கோரிக்கையையும் உரக்க எழுப்ப வேண்டும்.