பழைய இத்தாலிய அலுமினிய சைக்கிள்: பெயிண்ட் அடிக்கும் முன் இதைக் கவனிங்க!

1998-ம் ஆண்டு மார்கோ பந்தானி, ஜிரோ டி இத்தாலியா, டூர் டி பிரான்ஸ் என்ற இரண்டு பெரிய சைக்கிள் பந்தயங்களையும் ஒரே சீசனில் வென்றார். 2024-ல் பொகாச்சார் வரும்வரை அந்தச் சாதனையை வேறு யாராலும் தொட முடியவில்லை. பந்தானி ஓட்டிய பியாங்கி சைக்கிளின் ஃபிரேம் அலுமினியம். அலுமினியத்தில் டூர் பட்டம் வென்ற கடைசி வீரர் என்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். அதன்பின் கார்பன் வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது.

அப்படி ஓரங்கட்டப்பட்ட ஃபிரேம்களைத்தான் இன்று பலர் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். கொல்நாகோ, பினரெல்லோ, டி ரோசா, ஆலன் என்று பழைய பெயர்களுக்கு மவுசு கூடியிருக்கிறது. வாங்கி, பெயிண்டை உரித்து, புதுசா அடித்து, பழைய காம்பக்னோலோ பாகங்களை மாட்டினால் சைக்கிள் கண்ணைப் பறிக்கும். ஆசையில் தப்பில்லை. ஆனால், ஸ்டீல் ஃபிரேமுக்குச் செய்யும் அதே வைத்தியத்தை அலுமினியத்துக்கும் செய்வதுதான் சிக்கல். உயிரோடு சம்பந்தப்பட்ட சிக்கல் அது.

அப்படி என்ன ஸ்பெஷல்?

இந்தக் கதையில் இரண்டு தலைமுறைகள் உண்டு. முதலாவது, 1970-களில் லுடோவிகோ ஃபால்கோனி தொடங்கிய ஆலன் நிறுவனத்தின் ஃபிரேம்கள். மெல்லிய அலுமினியக் குழாய்களை வெல்டிங் செய்வது அப்போது பெரிய தலைவலி. அதனால் குழாயின் முனையில் மரை போட்டு, லக் எனப்படும் இணைப்புத் துண்டுக்குள் திருகி, பசை போட்டு ஒட்டினார்கள். எடை குறைவு. சேற்றில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய சைக்ளோகிராஸ் வீரர்களுக்கு அது வரப்பிரசாதமாக இருந்தது.

இரண்டாவது, 1990-களில் வந்த வெல்டிங் ஃபிரேம்கள். அலுமினியத்தின் எடை ஸ்டீலில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே மூன்றில் ஒரு பங்குதான். அப்படின்னா லாபம் எங்கே? குழாயின் விட்டத்தைக் கூட்டினால் விறைப்பு மளமளவென ஏறும். அதனால்தான் அந்தக் காலத்து ஃபிரேம்கள் குண்டுக் குழாய்களோடு இருக்கும். கொலம்பஸின் ஆல்டெக், டெடாச்சாயின் எஸ்சி 61.10ஏ போன்ற குழாய்களை வைத்து கொல்நாகோ டிரீம், பினரெல்லோ பிரின்ஸ் மாதிரியான ஃபிரேம்கள் உருவாயின. ஸ்டீலுக்கும் கார்பனுக்கும் நடுவே, ஏறக்குறைய பத்தே ஆண்டுகள் நீடித்த ராஜ்ஜியம்.

இரண்டு பக்கமும் இடமில்லை

இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் நடக்கும் 'எரோய்கா' என்ற பழைய சைக்கிள் திருவிழாவின் விதியைப் பாருங்கள். 1987-க்கு முந்தைய பந்தய சைக்கிள்தான் வேண்டும். ஸ்டீலுக்கு வரவேற்பு. திருகி ஒட்டப்பட்ட ஆலன் வகை அலுமினியத்துக்கும் அனுமதி உண்டு. 90-களின் வெல்டிங் ஃபிரேம்கள்? வெளியேதான். 'பழசு' என்று கொண்டாடவும் வயசு பத்தவில்லை. புதுசோடு போட்டி போடவும் முடியாது.

இந்த நடுத்தலைமுறை ஃபிரேம்கள் கவனிப்பாரின்றி பழைய இரும்போடு போவது நிச்சயம் இழப்புதான். சேகரிப்பவர்கள் செய்வது நல்ல காரியம். எப்படிச் செய்கிறார்கள் என்பதில்தான் கேள்வி.

ஸ்டீல் மன்னிக்கும், அலுமினியம் மன்னிக்காது

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் இல்லையா? அதுதான் உலோகச் சோர்வு. ஸ்டீலில் ஓர் எல்லைக்குக் கீழே உள்ள சுமையை எத்தனை முறை கொடுத்தாலும் பெரிதாகப் பாதிப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படியொரு பாதுகாப்பு எல்லை கிடையாது. சின்னச் சின்ன அழுத்தமும் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும்.

பழுது பார்ப்பதும் சுலபமில்லை. ஸ்டீல் ஃபிரேமில் ஒரு குழாயை வெட்டி எடுத்து வேறு வைக்கலாம். 6061 போன்ற அலுமினியக் கலவையை வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் வலு குறையும். பழைய வலு வர, ஃபிரேம் முழுவதையும் மறுபடி வெப்பப் பதப்படுத்த வேண்டும்.

இன்னொன்று, பின்சக்கர இடைவெளி. 80-களின் ஃபிரேம்களில் அது பெரும்பாலும் 126 மி.மீ.; பிற்காலச் சக்கரங்களுக்கு 130 மி.மீ. வேண்டும். ஸ்டீல் என்றால் நெம்பி அகட்டிவிடலாம். அலுமினியத்தில், அதுவும் ஒட்டிய ஃபிரேமில், அந்த வேலையே கூடாது.

வாங்கும்போது எங்கே பார்க்கணும்?

* ஹெட் ட்யூபும் டவுன் ட்யூபும் சேரும் இடம்: முன்பக்க மோதலின் அடையாளம் முதலில் இங்கேதான் தெரியும். பெயிண்டில் முடி போன்ற கோடு இருந்தாலும் உஷார்.
* பெடல் அச்சு செல்லும் பி.பி. பகுதியும் அதன் பின்னால் உள்ள குழாய்களும்.
* சீட் போஸ்ட்: அசைகிறதா? பல வருடம் கிரீஸ் இல்லாமல் இருந்தால் அரித்து இறுகியிருக்கும். கார்பன் போஸ்ட் என்றால் அரிப்பு இன்னும் மோசம்.
* ஆலன் வகை என்றால் லக் ஓரங்கள்: வெள்ளைப் பொடி, மயிரிழை வெடிப்பு, மிதிக்கும்போது 'கிரீச்' சத்தம் மூன்றும் கெட்ட சகுனம்.
* பி.பி. மரை: இத்தாலிய மரை 36 மி.மீ. விட்டம், இரண்டு பக்கமும் ஒரே திசையில் திருகும். ஆங்கில அளவுக் கப் இதற்குப் பொருந்தாது.

சந்தேகம் இருந்தால் சாய ஊடுருவல் சோதனை செய்யலாம். வெல்டிங் பட்டறைகளில் பயன்படுத்தும் முறைதான். வெறும் உலோகத்தில் சிவப்புச் சாயத்தைத் தடவி, துடைத்துவிட்டு, வெள்ளைப் பொடியைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து நிற்கும்.

பெயிண்ட் எனும் பொறி

ஃபிரேமைப் புதுப்பிக்கிறோம் என்று அதைக் கெடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். காஸ்டிக் சோடா கலந்த பெயிண்ட் உரிப்பான் ஸ்டீலுக்கு ஒன்றும் செய்யாது; அலுமினியத்தைக் கரைத்துவிடும். மணல் பீய்ச்சினால் மெல்லிய குழாய் தேயும்; மேற்பரப்பு நசுங்கி, சின்ன விரிசல்கள் கண்ணுக்குத் தெரியாமல் மூடிக்கொள்ளும். பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடு 180 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். ஒட்டிய ஃபிரேமை அதில் வைத்தால் பசையின் கதி என்ன? வெல்டிங் ஃபிரேமுக்கும்கூட, கலவை எதுவென்று தெரியாமல் அடுப்பில் ஏற்றாமல் சாதாரண ஸ்ப்ரே பெயிண்டோடு நிறுத்திக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புது பெயிண்ட் சாட்சியத்தை அழித்துவிடுகிறது. விரிசலைக் காட்டிக்கொடுக்கும் பழைய பெயிண்ட் கோடு போய்விட்டால், அடுத்து வாங்குபவருக்கு பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

'25 வருஷம் ஓடின சைக்கிள்தானே?'

பலர் சொல்லும் வாதம் இது. ஆனால், உலோகச் சோர்வு வருடத்தைக் கணக்கு வைப்பதில்லை. அழுத்தத்தைத்தான் கணக்கு வைக்கிறது. அந்த 25 வருஷமும் கொட்டகையில் தொங்கிய ஃபிரேமும், இரண்டு சீசன் பந்தயத்தில் அடிபட்ட ஃபிரேமும் விற்பனைப் படத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். 'ஓட்டாத சைக்கிள் சைக்கிளே இல்லை' என்பதும் நியாயமான பேச்சுதான். ஆனால், அதைச் சொல்லும் உரிமை ஃபிரேமைச் சோதித்தவருக்கு மட்டுமே உண்டு.

எனவே சேகரிப்பாளர்கள் தங்களுக்குள் மூன்று வழக்கங்களைக் கொண்டுவர வேண்டும். பெயிண்டை உரித்ததும், புதுசா அடிக்கும் முன், எல்லா இணைப்புகளையும் வெறும் உலோகமாகப் படமெடுத்து வைப்பது. விற்கும்போது அந்தப் படங்களையும் சேர்த்துக் கொடுப்பது. விரிசல் உள்ள ஃபிரேமை 'சுவருக்கு மட்டும்' என்று வெளிப்படையாகச் சொல்லி விற்பது. மூன்றாவதைச் செய்தால் கிடைக்கும் காசு குறையும். உண்மைதான். மலை இறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஹெட் ட்யூப் கழன்றால் என்ன ஆகும் என்று யோசித்தால், அது பெரிய தொகையில்லை.